கோத்தகிரியில் கார் ஷெட் தரைக்கு எபாக்ஸி பெயின்ட்: 55 ரூபாய் எப்படி 118 ஆகிறது

எங்கள் கார் ஷெட் 10 அடிக்கு 20 அடி, அதாவது 200 சதுர அடி. அதன் சிமென்ட் தரைக்கு எபாக்ஸி பெயின்ட் (பிசினையும் அதை இறுக்கும் திரவத்தையும் கலந்து அடிப்பது) அடிக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிறுவனத்தாரை வரவழைத்தோம். தொலைபேசியில் அவர்கள் சொன்ன விலை சதுர அடிக்கு 55 ரூபாய்; வேலை முடிந்தபோது கொடுத்தது 23,600 ரூபாய், அதாவது சதுர அடிக்கு 118 ரூபாய். ஒரு கோட் பிரைமருக்கும் இரண்டு கோட் பெயின்டுக்கும் கூலியோடு சேர்த்து 11,000, தரையை அரைத்துச் சொரசொரப்பாக்க 3,000, விரிசல் அடைக்க 1,500, வண்டி வாடகைக்கும் ஆட்கள் தங்கும் செலவுக்கும் 4,500, இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,600 என்று பில் வந்தது. எந்த வரியும் அநியாயமானது அல்ல. ஆனால் முதல் பேச்சிலேயே இவற்றைச் சொல்லாதது பெரிய குறை. பெயின்ட் அடிக்கும் விலையை மட்டும் சொல்லி ஆரம்பித்தார்கள், எங்கள் மொத்தச் செலவிலோ அது பாதிகூட வரவில்லை.

கொடுத்த பணத்தில் மிகவும் பயனுள்ளதாக நான் கருதுவது அரைப்புக்குக் கொடுத்த 3,000 ரூபாய்தான். தரை பூசும்போது மேலே திரண்டு காய்ந்த சிமென்ட் பால் வழவழப்பான மெல்லிய தோலாக நிற்கிறது. பெயின்ட் அதன் மேல்தான் ஒட்டும் என்பதால், அந்தத் தோல் உரியும்போது பெயின்டும் சேர்ந்து உரிந்துவிடும். வைரக்கல் பதித்த இயந்திரத்தால் அதை எடுத்த பிறகு தரையில் தண்ணீர் தெளித்துக் காட்டினார்கள்; முன்பு முத்து முத்தாக நின்ற நீர் உடனே உறிஞ்சப்பட்டது. உள்ளூரில் பலர் இதற்குப் பதிலாக ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். செலவு குறைவுதான், ஆனால் ஊற்றிய தண்ணீர் நம் குளிரில் காய நாட்கள் பிடிக்கும். ஆசிட் சரியாகக் கழுவப்படாவிட்டால் பெயின்ட் ஒட்டாது.

இவர்களிடம் நான் மெச்சுவது ஓதத்தைச் சோதித்த விதம். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய ஷெட்டுகளில் மேட்டுப்பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் மண்ணின் ஈரம் தரைக்குள் ஏறும். ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாள்களை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுவதும் விட்டுவைத்தார்கள். காலையில் எடுத்தபோது வாசல் பக்கத்துத் தாள் காய்ந்திருந்தது, மேட்டுப்பக்கத்துத் தாளின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தன, தரையும் கறுத்திருந்தது. உடனே வேலையைத் தள்ளிவைத்து, சுவருக்குப் பின்னால் உள்ள வடிகாலைத் தூர் எடுத்து, தரை நன்றாக உலர்ந்த பிறகு கூப்பிடச் சொன்னார்கள். கையில் வந்த வேலையை இப்படி நிறுத்திச் சொல்ல நேர்மை வேண்டும். தூர் எடுத்த கூலி மேற்சொன்ன பில்லில் சேராது.

பிப்ரவரியில் வேலை நடந்தது. பெரும்பாலான எபாக்ஸி பெயின்டுகள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகுவதில்லை. காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடத் தரை குறைந்தது 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். காலையில் இதை அளந்து பார்த்து, வெயில் ஏறிய பிறகே தொடங்கினார்கள். மாலையில் அந்தக் கவனம் இல்லை. இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று அவசரப்பட்டு, மூடுபனி இறங்கத் தொடங்கிய நேரத்திலும் வாசல் பக்கம் கடைசி கோட்டை அடித்து முடித்தார்கள். இறுக்கும் திரவத்தில் உள்ள அமீன் என்னும் வேதிப்பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்தால் மெழுகு தடவியது போன்ற வெண்படலம் வரும்; மறுநாள் அதுதான் வந்திருந்தது. புகார் சொன்னதும் திரும்ப வந்து, வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, லேசாகத் தேய்த்து, அந்தப் பகுதிக்கு மட்டும் கட்டணம் இல்லாமல் இன்னொரு கோட் அடித்துக் கொடுத்தார்கள். ஒட்டுப்போட்ட கோடு இன்னும் தெரிகிறது. சாம்பல் நிறமும் அங்கே சற்று அடர்த்தி.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணத் தரை எனாமலும் உள்ளூர் பெயின்டர் கூலியும் என்றால் இதில் சிறு பங்கில் முடியும். மேட்டுப்பாளையத்திலிருந்து அரவேணு வழியாக ஏறி வரும் காரின் டயர் சூடாக இருக்கும். அது நின்று குளிரும்போது எனாமலைப் பிடித்துக்கொண்டு பெயர்த்தெடுத்துவிடும். எங்கள் தரையில் டயர் நிற்கும் நான்கு இடங்களும் இதுவரை உரியவில்லை. வடிகாலைச் சரிசெய்தும் ஓதம் நிற்காத ஷெட்டுக்கு எபாக்ஸி வேண்டாம். அதே பணத்தைப் பார்க்கிங் டைல்ஸுக்குச் செலவிடலாம். வெயில் படும் சரிவுப் பாதைக்கும் இது கூடாது: மஞ்சளித்துப் பொடி உதிரும், மழையில் கால் வழுக்கும். ஷெட்டுக்குள்ளேயே வாசல் ஓரத்தில் சிலிக்கா மணல் தூவி அடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் செய்வதில்லை.

200 சதுர அடிக்கும் 600 சதுர அடிக்கும் வண்டி வாடகை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டால் ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் வரை மிச்சமாகும். விலையை வரிவரியாக எழுதி வாங்குங்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி கொடுக்க வேண்டாம். புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 28 நாட்கள் வேண்டும். அடித்து முடித்த பிறகு ஏழு நாளில் காரை ஏற்றலாம் என்று அவர்கள் சொல்வது கோயம்புத்தூர் வெயிலுக்குப் பொருந்தும். இந்தக் குளிருக்குப் பத்து நாட்களாவது விடுவது நல்லது.