சூளைக்குள் விழும் வெள்ளைத் தூள்: செராமிக் பைபரோடு ஐந்து வருடம்

போன வாரம்தான் சூளையின் உள்சுவரை முழுக்கப் பிரித்துப் புதிதாகப் போர்த்தி முடித்தேன். கழுத்து இன்னும் அரிக்கிறது. சூளை கட்டப்போகும் நண்பர் ஒருவர் "உள்சுவருக்கு பயர் பிரிக்கா, பைபரா?" என்று கேட்டிருக்கிறார், அதாவது சூடு தாங்கும் செங்கலா, சூடு தாங்கும் இழைப் பஞ்சா என்று. அந்த அரிப்போடுதான் பதில் எழுதுகிறேன்.

புதுச்சேரி பக்கம் சின்ன மட்பாண்டப் பட்டறை எனக்கு. கேஸ் சூளை, ஸ்டோன்வேர் என்கிற கெட்டி மண்பாண்டம், 1220, 1230 டிகிரி வரை போவேன். உள்ளே இருந்தது வழக்கமான அலுமினா-சிலிகா பிளாங்கெட், அதாவது பைபரைப் போர்வை மாதிரி ஆக்கியது. 25 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி. உறையில் கொட்டை எழுத்தில் 1260 டிகிரி.

அந்த 1260-ஓடுதான் என் தகராறு. நாம் சுடுவது அதற்குக் கீழேதானே என்று வாங்கினேன், விற்றவரும் தலையாட்டினார். அது தினசரி ஓட்டும் வெப்பம் இல்லை, தரம் பிரிக்க வைத்த எண் என்று பிறகுதான் புரிந்தது. ஐரோப்பிய விதிப்படி, அந்தச் சூட்டில் 24 மணி நேரம் வைத்தால் பிளாங்கெட் 4 சதவீதம் வரை சுருங்கலாம். 610 மி.மீ. அகலத்துக்கு அது 24 மி.மீ. கட்டை விரல் தாராளமாக நுழையும். என் சூளையில் நுழைந்தது. மூட்டுக்கு மூட்டு பிளவு, வெளித்தகட்டில் கருப்புக் கோடுகள்.

இந்த இழை அடிப்படையில் கண்ணாடிதான். 1000 டிகிரியை நெருங்கும்போதே உள்ளே முல்லைட் படிகம் வளர ஆரம்பிக்கும், இன்னும் மேலே போனால் கிறிஸ்டோபலைட் என்கிற சிலிகா படிகம். பஞ்சாக இருந்தது அப்பளமாக நொறுங்கும். கூரையிலிருந்து அந்தத் தூள் பாண்டத்தின் கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும். எத்தனை நல்ல தட்டுகள் வெள்ளைப் புள்ளியோடு மூலைக்குப் போயின! தூள் நுரையீரலுக்கும் ஆகாது, கிறிஸ்டோபலைட் தூசு புற்றுநோய் வரவழைக்கும் பட்டியலில் இருக்கிறது. பழைய லைனிங்கைப் பிரிக்கும்போது தண்ணீர் தெளியுங்கள், சரியான மாஸ்க் போடுங்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டாம்.

ஒரே ஒரு தடவை, சூடான சூளைக்குள் சோடா போட்டு அதன் ஆவியாலேயே கிளேஸ் வரவைக்கும் முறையில் சுட்டேன். பெரும்பாலான அமிலங்களுக்கு அசராத பைபர் காரத்திடம் நிற்காது. சோடியம் ஆவி பட்டு சுவர் வெல்லப்பாகு இறுகியது போல் ஆகி, தோல்தோலாக உரிந்தது. அது என் முட்டாள்தனம், பைபர் மேல் பழி போட மாட்டேன்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கதவை ஒரு கையால் தூக்கலாம். பயர் பிரிக் சுவர் விழுங்குகிற சூட்டில் சிறு பங்குதான் இது விழுங்கும், அதனால் கேஸ் மிச்சம். இரவு அணைத்தால் காலையில் திறந்துவிடலாம். அவசரமாகச் சூடேற்றினாலும் விரிசல் விடாது.

இந்த முறை உள்முகத்துக்கு சிர்கோனியா சேர்ந்த 1425 கிரேடு, பின்னால் 1260. துண்டுகளை மடித்து, மூட்டுகளில் நெருக்கி அழுத்தி வைத்திருக்கிறேன், சுருங்கினாலும் பிளக்காமல் இருக்கட்டும் என்று. விலைதான் வயிற்றைக் கலக்கியது.

நண்பரே, நீங்கள் பயர் பிரிக்கே வையுங்கள். பின்னே நீ ஏன் மறுபடி பைபர் போட்டாய் என்பீர்கள். எனக்கு முதுகுவலி, அந்தக் கதவை விட மனசு வரவில்லை.