பழைய எம்எக்ஸ்-5: டர்போவா, 1.8 எஞ்சினா?

1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, ஆயிரம் கிலோவுக்குள் அடங்கும் சின்ன வண்டி. அதன் 1.6 லிட்டர் எஞ்சின் தருவது சுமார் 115 குதிரைத்திறன். அது போதவில்லை என்றால் இரண்டு வழிகள்: டர்போ (புகைவாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பொருத்தலாம், இல்லையென்றால் 1994 மாடலோடு வந்த 1.8 லிட்டர் எஞ்சினை எடுத்து வைக்கலாம்.

டர்போவின் ருசியே தனி. இரண்டாவது கியரில் மிதித்தால் ஒரு கணம் தாமதித்து, பிறகு முதுகை இருக்கையோடு அழுத்தும். ஆனால் டர்போவோடு வேலை முடியாது. பெட்ரோல் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டர், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும், டியூன் செய்யக்கூடிய கணினியான ஈசியூ எல்லாம் வேண்டும். பெட்ரோல் கலவை பிசகினால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டனே உடையலாம். அப்புறம் எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் 1.6-இன் சின்ன டிஃபரன்ஷியல் இருக்கிறதே, கூடுதல் டார்க்கை (திருப்புவிசையை) அது ரொம்ப நாள் தாங்காது.

1.8-ம் அதே எஞ்சின் குடும்பம்தான். பழைய கியர்பாக்ஸோடு பொருந்தும். கூடுவது பத்துப் பதினைந்து குதிரைத்திறன்தான், சரி. ஆனால் கீழ்ச் சுற்றுகளிலேயே இழுவை தெரியும், நகரச் சாலையில் தேவைப்படுவது அதுதானே. இன்னொரு லாபம்: ஆரம்பகால 1.6-இல் எஞ்சினின் முக்கிய சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனை, அதாவது மூக்கு, குட்டை. அதில் மாட்டியிருக்கும் முன் புல்லியின் போல்ட் தளர்ந்தால், புல்லியைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு (கீ) ஆடி ஆடி, அது உட்காரும் பள்ளம் தேய்ந்து, புல்லி தள்ளாடும். அந்தக் கவலையும் போய்விடும்.

தினமும் ஓட்டுவதற்கு நான் 1.8 பக்கம்தான். அதே 1994 வண்டியின் பெரிய பிரேக்கும் டிஃபரன்ஷியலும் சேர்த்துக் கிடைத்தால், டர்போவைப் பின்னால் யோசித்துக்கொள்ளலாம்.