தேனிலவுக்கு எந்த ஊரில் எத்தனை ராத்திரி? குன்னூர் முதல் கொச்சி வரை

மெல்பர்னில் மன்றாடி லீவு வாங்கி வந்தாலும், பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணம் என்றால் அதில் பாதி நம்முடையது அல்ல. பத்திரிகை வைப்பது, சீர், முகூர்த்தம், மறுவீடு, அப்புறம் இரண்டு பக்கத்துச் சொந்தமும் முறை வைத்துக் கூப்பிடும் விருந்து. இதெல்லாம் போக மிஞ்சிய நாட்களைத்தான் நீலகிரி, மூணாறு, ஆலப்புழை, கொச்சி என்று பிரித்தோம். தை மாத முகூர்த்தம், பிப்ரவரியில் பயணம். எந்த ஊர்களுக்குப் போவது என்பதில் எனக்கும் என் கணவருக்கும் சண்டை வரவில்லை. எங்கே எத்தனை ராத்திரி என்பதில்தான் வந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு ஊருக்கு வரப்போகிறவர்களுக்கு உதவும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

உள்ளூர் டிராவல்ஸ்காரர் ஒருவர் முதலில் கொடுத்த திட்டம் இது: ஊட்டி இரண்டு, கொடைக்கானல் ஒன்று, மூணாறு இரண்டு, தேக்கடி ஒன்று, ஆலப்புழை ஒன்று, கொச்சி ஒன்று. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் பெரும்பாலான ஹோட்டல்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் அறை கிடைக்கிறது, மறுநாள் பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். ஒரு ராத்திரி தங்கினால் கிடைப்பது ஒரு சாயங்காலமும் அவசரமாகச் சாப்பிடும் ஒரு காலை டிபனும்தான். இரண்டு ராத்திரி தங்கினால்தான் ஒரு முழு நாள். ராத்திரிக் கணக்கில் ஒன்றைக் கழித்தால் வருவதுதான் உண்மையான நாள் கணக்கு. அப்படிக் கழித்துப் பார்த்தால் அந்தத் திட்டத்தில் முழு நாள் இரண்டே இரண்டு. மீதியெல்லாம் கார் சீட்.

ஏன் இப்படித் திட்டம் போடுகிறார்கள் என்பது வாடகைக் காரின் கணக்கைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வெளியூர் வண்டிக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறைந்தபட்சம் வைத்திருக்கிறார்கள். வண்டி ஹோட்டல் வாசலில் சும்மா நின்றாலும் அந்தக் காசைக் கொடுத்தாக வேண்டும், டிரைவர் பேட்டா தனி. காசு கொடுத்துவிட்டோமே என்று நமக்கும் உட்கார மனசு வராது. "பக்கத்துல ஒரு வியூ பாயின்ட் இருக்குதுங்க மேடம்" என்று அவரும் விடமாட்டார். நாங்கள் முழுப் பயணத்துக்கும் ஒரே வண்டி என்பதைக் கைவிட்டு, ஊருக்கு ஊர் டிராப் டாக்சியும், இறங்கிய ஊரில் ஆட்டோ, ஜீப்பும் என்று மாற்றினோம். வண்டி காத்திருக்கவில்லை என்றால் ஒரு ஊரில் இன்னொரு நாள் கூட இருக்கலாம் என்ற எண்ணம் தானாக வருகிறது. கொடைக்கானலையும் தேக்கடியையும் அப்போதே திட்டத்திலிருந்து அடித்துவிட்டோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். காலை 7.10-க்குக் கிளம்பும் ஒரே வண்டி. ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், போய்ச் சேர கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். குன்னூர் வரை நீராவி எஞ்சின், பல்சக்கரத் தண்டவாளம்; அதற்கு மேல் டீசல். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. திறந்த அன்றைக்கே உட்கார்ந்தால்தான் உண்டு. டிக்கெட் கையில் வந்த பிறகு விருந்துகளின் தேதியை அதற்கேற்ப நகர்த்துங்கள். ரயில் நகராது, சித்தப்பா நகர்வார். பெட்டிகள் வைக்க ரயிலில் இடம் கிடையாது. என் தம்பி பின்னாலேயே காரில் சாமானோடு வந்தான். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. இணையத்தில் எடுப்பது சில நிமிட வேலைதான். ஆனால் கல்லாறு சோதனைச் சாவடியில் அதைப் பார்த்ததோடு, காரில் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார்களாம். ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்கள்.

நாங்கள் ஊட்டி வரை போகாமல் குன்னூரிலேயே இறங்கிவிட்டோம். பெரியப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. "ஏன் அம்மிணி, அத்தனை தூரம் போயிட்டு ஊட்டில தங்காம வருவீங்களா?" என்றார். ஊட்டியில் பார்க்க வேண்டியவை உண்டு, மறுக்கவில்லை. 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா, ஏரி. ஆனால் அதெல்லாம் ஒரு பகல் வேலை. குன்னூரிலிருந்து காலை ரயிலில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு சாயங்காலம் பஸ்ஸில் இறங்கிவிட்டோம். தங்குவதற்கு, ஊட்டி மார்க்கெட் பக்கத்து ஹாரன் சத்தத்தைவிட குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு மேலே உள்ள அமைதி எத்தனையோ மேல். குன்னூரில் இரண்டு ராத்திரி போதும். அறையைப் பற்றி ஒரு குறை: ஹனிமூன் அறை என்று தனிக் கட்டணம் வாங்கிவிட்டு, ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரிகிற அறையைக் கொடுத்தார்கள். கட்டிலில் ரோஜா இதழ், துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள், ஒரு சின்ன கேக். வெந்நீர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும், ரூம் ஹீட்டருக்குத் தனியாகக் காசு. பதிவு செய்யும்போது அன்னத்தைப் பற்றி அவர்களே சொல்வார்கள். வெந்நீர் நேரத்தையும் ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும் நாம்தான் கேட்க வேண்டும்.

குன்னூரிலிருந்து மூணாறுக்கு நேராகப் போவதாக நிறைய பேர் திட்டம் போடுகிறார்கள். மேட்டுப்பாளையம், கோவை, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று இரண்டு மலைகளை ஒரே நாளில் இறங்கி ஏறும் வழி அது. ஒரு நாள் முழுக்க ரோட்டில் போய்விடும். தவிர, உடுமலைக்கு மேல் காட்டுக்குள் போகும் வழி, யானை நடமாட்டம் உள்ள இடம்; இருட்டிய பிறகு அங்கே இருக்கக் கூடாது. எங்களுக்கு வழியிலேயே பொள்ளாச்சியில் அம்மா வீடு. தேனிலவுக்கு நடுவில் அம்மா வீடா என்று தோழிகள் கேலி செய்தார்கள். ஆனால் துணி துவைத்து, ஸ்வெட்டர்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, ராத்திரி ரசம் சோறு சாப்பிட்டு, காலையில் வெயில் ஏறும் முன் கிளம்பியதில் அடுத்த பாதிப் பயணம் இலகுவாகிவிட்டது. ஸ்வெட்டரை மட்டும் நீங்கள் வைத்துவிடாதீர்கள், மூணாறிலும் விடியற்காலை குளிர் உண்டு. சொந்த வீடு இல்லாதவர்கள் உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ சாதாரண லாட்ஜில் ஒரு ராத்திரி தங்கலாம். ஒற்றை ராத்திரி என்பது இப்படி வழியில் படுத்து எழுவதற்குத்தான் சரி. மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நின்று சூடாக ஒரு உருண்டை வாங்கிச் சாப்பிடுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம் அது.

மூணாறில்தான் எங்கள் கணக்கு மாறியது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுகிறார்கள். தை முகூர்த்தக்காரர்கள் எல்லோரும் சரியாக இதில்தான் போய் விழுகிறோம். பூங்கா திறந்திருக்கும் மாதமென்றால் மூணாறுக்கு மூன்று ராத்திரி தரலாம். மூடியிருக்கும்போது இரண்டு போதும்: ஒரு விடியற்காலை கொழுக்குமலை, ஒரு நிதானமான மத்தியானம் தேயிலைத் தோட்டத்துக்குள் நடை. கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஜீப்தான் போகும். சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் மூணாறு டவுனில் தங்குகிறவர்கள் மூன்று மணிக்கே எழ வேண்டியிருக்கும்; அதனால் சின்னக்கானல் பக்கம் அறை எடுத்தோம். ஜீப் ஓட்டிய அண்ணன் நல்ல தமிழில் பேசினார். அங்கே தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலோர் தமிழர்கள்தான், கேரளாவுக்குள் வந்த உணர்வே வரவில்லை. "ஒரு நாள் மேகம் மூடிக்கும் சார். ரெண்டு காலை கையில வெச்சுக்கிட்டு வர்றவங்கதான் ஏமாறாமப் போவாங்க" என்றார் என் கணவரிடம். எங்களுக்கு முதல் காலையிலேயே மலை தெரிந்தது.

இங்கே ஒரு விஷயம் வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்களுக்கு. என்னுடையது இந்திய பாஸ்போர்ட். அவருடையது ஆஸ்திரேலியா, கூடவே ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது). வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி ஃபார்ம் என்று சொல்லப்பட்டுவந்த விவரத்தை ஹோட்டல்காரர் அரசுக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். பெரிய ஹோட்டல்களில் ஐந்து நிமிட வேலை. நாங்கள் முதலில் பதிவு செய்திருந்த ஒரு ஹோம்ஸ்டேயில், முன்பணம் வாங்கிய பிறகு, அந்த வசதி எங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பணம் திரும்பி வருவதற்குப் பலமுறை போன் செய்ய வேண்டியிருந்தது. பேர் தமிழ்ப் பேர், ஊர் பொள்ளாச்சி என்பதால் அவர்களும் முன்பே கேட்கவில்லை. பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

மூணாறிலிருந்து ஆலப்புழை 170 கிலோமீட்டர் போல. மலையிறக்கம், கோதமங்கலம், மூவாற்றுப்புழை நெரிசல் எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் வையுங்கள். படகு வீட்டில் ஏறும் நேரம் மதியம் பன்னிரண்டு. அதனால் மூணாறை ஆறரைக்குள் விட வேண்டும், அந்த நேரத்தில் ஹோட்டல் டிபன் தயாராகியிருக்காது. முந்தின நாளே சொன்னால் பார்சல் கட்டித் தருகிறார்கள். வாடகையில் சேர்ந்ததுதானே, கேட்டு வாங்குங்கள்.

படகு வீட்டில் எத்தனை ராத்திரி? ஒன்று. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மதியம் ஏறினால் சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணி வரைதான் படகு நகரும். அதற்கு மேல் மீனவர்கள் வலை போடும் நேரம், எல்லாப் படகையும் கரையில் கட்டிவிட வேண்டும். மறுநாள் காலை டிபன், ஒரு சின்னச் சுற்று, ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். நாம் இரண்டு ராத்திரி எடுத்தால் இரண்டாவது நாளும் அதே வேம்பநாட்டுக் காயல், அதே பொரித்த கரிமீன். பல படகுகளில் ஏசி ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மட்டும் ஓடும். முன்பணம் கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள், ராத்திரி எங்கே கட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். எங்கள் படகை இன்னும் பல படகுகளோடு பஸ் ஸ்டாண்டு மாதிரி வரிசையாகக் கட்டினார்கள். பக்கத்துப் படகின் ஜெனரேட்டர்தான் ராத்திரி முழுக்கத் துணை. காயலை இன்னும் பார்க்க ஆசையிருந்தால், கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் ஆலப்புழை-கோட்டயம் படகில் ஏறுங்கள். சில பத்து ரூபாயில் இரண்டரை மணி நேரம். குட்டநாட்டின் வயல்கள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கிடப்பதும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படகிலேயே ஏறி இறங்குவதும் அதில்தான் நன்றாகத் தெரிந்தது. ஹனிமூன் படகைவிட எனக்கு அதுதான் பிடித்தது.

அதிக ராத்திரிகளை மாராரிக்குளத்துக்குக் கொடுத்தோம். ஆலப்புழைக்கு வடக்கே கடற்கரைக் கிராமம். "அங்கே என்ன இருக்கு?" என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை, அதனால்தான் என்றேன். கல்யாணத்துக்கு முந்தின மாதத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் கிடையாது. மெல்பர்ன் நேரத்தில் வேலை, ஊர் நேரத்தில் ஜவுளி விஷயம். மாராரியில் முதல் நாள் மத்தியானம் வரை தூங்கினோம், இரண்டாவது நாள்தான் உட்கார்ந்து பேசினோம். பார்க்க வேண்டிய பட்டியல் இல்லாத ஊருக்கு மூன்று ராத்திரி கொடுங்கள். அங்கே ஒரு நாள் குறைத்து வேறு எங்காவது கூட்டலாமா என்று டிராவல்ஸ்காரர் கேட்பார், அசையாதீர்கள். சாப்பாடு வீட்டு முறையில் கிடைத்தது. ஆட்டோவிலும் டீக்கடையிலும் என் ஆஸ்திரேலிய போன் எண்ணோடு இணைத்த என்ஆர்இ கணக்கின் (வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) யுபிஐ வேலை செய்தது. முன்பெல்லாம் ஓடிபிக்காக ஊர் சிம்மை உயிரோடு வைத்திருந்த தொல்லை இல்லை.

ஃபோர்ட் கொச்சிக்கு இரண்டு. கிழமை பார்த்துப் போங்கள். மட்டாஞ்சேரி யூத ஆலயம், 1568-ல் கட்டியது, சனிக்கிழமை திறக்காது, வெள்ளி மதியத்துக்கு மேலும் திறக்காது. பக்கத்திலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. வார இறுதி என்று ஆசையாக வெள்ளி, சனி போட்டால் வெள்ளியன்று அரண்மனையும் சனியன்று யூத ஆலயமும் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து செவ்வாய் கிளம்பினோம். அரண்மனையில் ஓசிஐ அட்டையைக் காட்டினால் இந்தியர் கட்டணம்தான், 2021 முதல் அப்படி. கவுன்டரில் இருந்தவர் கொஞ்சம் யோசித்தார், அப்புறம் கொடுத்துவிட்டார். எர்ணாகுளம் போக 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகு. ஏசி, சுத்தம், நேரத்துக்கு வருகிறது. இந்தப் பயணத்தில் நான் குறை சொல்ல முடியாத ஒரே சேவை.

கடைசி ராத்திரியை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று யோசித்தோம். நெடும்பாசேரி ஃபோர்ட் கொச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல், சாயங்கால நெரிசலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. எங்கள் சிங்கப்பூர் விமானம் நள்ளிரவை ஒட்டி, அதனால் அங்கே அறை எடுப்பதில் அர்த்தமில்லை. அதற்குப் பதில் ஃபோர்ட் கொச்சி அறையையே சாயங்காலம் ஆறு வரை வைத்துக்கொண்டோம். முன்பே கேட்டதால் பாதி நாள் வாடகைதான். வரவேற்பு மேசையில் கிளம்பும் அன்று கேட்ட இன்னொரு ஜோடிக்கு முழு நாள் வாடகை சொன்னார்கள்.