கையால் செய்த மைக் என்று 68,000 ரூபாய் பறித்துவிட்டார்கள்: பதிவுக் கருவி வாங்குவோர் கவனத்துக்கு

நேற்று இரவு முழுவதும் தூங்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாம்பன் பக்கம் மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். ஏர்வாடி சந்தனக்கூடு, ஓரியூர் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று ஓடிச் சேர்த்த பணம் 68,000 ரூபாய். அதை எடுத்து வைத்திருந்தது தங்கச்சிமடத்துப் பெரியவர் ஒருவருக்காக. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகள் அவருக்கு மணிக்கணக்கில் மனப்பாடம். எண்பது வயதைத் தாண்டிவிட்டார், குரல் அடங்கிப்போய்விட்டது. அவ்வளவு மெல்லிய குரலை மேடை மைக்கில் எடுத்தால் சரியாக வராது. மைக் தானே எழுப்பும் இரைச்சல் குறைந்த, மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கிற ஸ்டுடியோ தரத்துக் கண்டன்சர் வகை மைக் வேண்டும்.

இசைக் கருவிகளை வாங்கவும் விற்கவும் உதவும் ஓர் இணையச் சந்தையில் அந்த ஆளைப் பார்த்தேன். மாதத்துக்கு நான்கே மைக், எல்லாம் தன் கையால் செய்வதாகப் போட்டிருந்தார். அழைத்தேன். வீடியோவில் தன் மேசையைக் காட்டினார். தங்கமுலாம் பூசிய மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம், மூச்சுக் காற்றுக்கே நடுங்கியது. அதைப் பித்தளை வளையத்தில் இழுத்துக் கட்டி, சுற்றிலும் இருந்த பொடித் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். பேர்பெற்ற ஸ்டுடியோ மைக்கான நாய்மன் யு 87-இல் உள்ளது போல ஓர் அங்குலத்துக்கும் மேல் விட்டமுள்ள கேப்சூல், அதாவது ஒலியைப் பிடிக்கும் பாகம், என்றார். பெரியவர் பாடியதைக் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தேன், அதைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இந்தக் குரலுக்கு நான் தனியாகக் கட்டித் தருகிறேன் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். தளத்தின் கமிஷன் வீணாகப் போக வேண்டாம், நேராக வங்கிக் கணக்கில் போடுங்கள், அதிர்வு ஏறாமல் மைக்கைத் தாங்கும் ஷாக் மவுண்ட் இலவசமாகத் தருகிறேன் என்றதும் 68,000 ரூபாயையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

இருபத்து மூன்று நாள் கழித்துப் பெட்டி வந்தது. மரப்பெட்டி, வெல்வெட் துணி, கையெழுத்திட்ட அட்டை, வரிசை எண். தூக்கிப் பார்த்தால் நல்ல கனம். மறுநாளே பெரியவர் வீட்டுக்குப் போனேன். மின்விசிறியை நிறுத்தி, பேரப் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஒரு மணி நேரம் பாடினார். இடையிடையே இருமல் வேறு. வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டேன். அடிக்கு அடி அவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் எண்ணெயில் மீன் பொரிகிற சத்தம்!

கேபிளை மாற்றினேன். கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம் (பேண்டம் பவர்) சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. அதன் பிறகுதான் திருகைக் கழற்றினேன். அத்தனை பெரிய வலைக்கூண்டுக்குள் சட்டைப் பித்தான் அளவில் ஒரு எலக்ட்ரெட் கேப்சூல். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்கில் வைக்கிற சாமான். கனத்துக்காக அடியில் ஓர் இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

கேட்டதற்கு அந்த ஆள் சொன்ன பதில்தான் இன்னும் நெஞ்சைச் சுடுகிறது. "உங்கள் ஊர் உப்புக் காற்று சார், ஈரம் ஏறியிருக்கும்." ஈரம் பட்டால் கண்டன்சர் மைக் பொரியும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். வந்து ஒரே நாளில் ஈரம் ஏறுமா? எந்த ஊர் உப்புக் காற்று பெரிய கேப்சூலைப் பித்தானாக மாற்றும்? படம் எடுத்து அனுப்பினேன். "திறந்துவிட்டீர்கள், உத்தரவாதம் போய்விட்டது" என்றார். அடுத்த நாள் என் எண்ணையே தடுத்துவிட்டார். இணையச் சந்தைக்கு ஐந்து முறை எழுதினேன். ஐந்து முறையும் ஒரே பதில்: பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பல்ல. அவருடைய விளம்பரம் இன்று காலை வரை அங்கேதான் இருக்கிறது. 68,000 ரூபாய்!

பெரியவரிடம் சொன்னேன். "பரவாயில்லை தம்பி, இன்னொரு நாள் பாடுகிறேன்" என்றார். அந்த இருமலோடு அவரை மறுபடியும் ஒரு மணி நேரம் எப்படி உட்கார வைப்பேன்?

வாங்கப் போகிறவர்களுக்கு நிறையச் சொல்ல நினைத்தேன், இப்போது வருவது இவ்வளவுதான். தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். மைக்கைக் கழற்றும் முன் கைவிளக்கை வலையின் மேல் அடித்துப் பாருங்கள், பெரிய படலம் இருந்தால் வட்டமாகத் தெரியும். நான் அதைக்கூடச் செய்யவில்லை. ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. உப்புக் காற்று கதையைக் கேட்டுக்கொண்டே நான் ஒன்பது நாளை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ராமநாதபுரம் போய் சைபர் கிரைம் பிரிவில் மனு கொடுக்கிறேன். பித்தளை வளையத்தில் திருகு முடுக்கும் அதே வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், எனக்குத் தெரியப்படுத்துங்கள். மனுவில் சேர்க்க வேண்டும்.