மலைப் பயணத்துக்கு முன் தஞ்சாவூர்ப் பட்டறையில் பைக் சர்வீஸ்

டெல்டாவின் சமதளத்தில் பிரேக்கின் குறை வெளியே தெரியாது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. தேயிலைத் தோட்டம் பார்த்துவிட்டு இறங்கும்போது பிரேக் ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காமல் லீவர் கைப்பிடி வரை போய்விடும். இந்தப் பட்டறைக்காரர்கள் அதை அறிந்து வேலை பார்க்கிறார்கள். ஈரம் உறிஞ்சி பழுப்பேறிய ஆயிலை முழுக்க வடித்து, டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் புது டப்பாவை நம் கண்முன்னே சீல் உடைத்து ஊற்றுகிறார்கள். ஆயில் வடிக்கும் நிப்பிள் குழாயில் கடைசிக் காற்றுக் குமிழி நிற்கும்வரை விடுவதில்லை. அருமையான கை!

செயினில்தான் குறை. தொய்வே இல்லாமல் இறுக்கிவிடுகிறார்கள். பின்னால் ஆளும் பையும் ஏறினால் இன்னும் இறுகி செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைத் தின்னும். பெரும்பாலான வண்டிகளுக்கு 25 மில்லிமீட்டர் தொய்வு வேண்டும், கேட்டு வாங்குங்கள். கூட்டாகப் போகிறவர்கள் கிளட்ச் கேபிள் ஒன்று உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியர். நியூட்ரல் கூடவே கூடாது.