சாதாரண செயினா, ஓ-ரிங் செயினா: சின்ன பைக்குக்கு எது?

செயின் நீண்டுவிட்டது என்று மெக்கானிக் சொன்னால் இரும்புத் தகடு இழுபட்டு நீண்டதாகவே வெகுநாள் நினைத்திருந்தேன். தகடு அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின் என்ற சிறு தண்டும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற சிறு குழாயும் உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணியில் மயிரிழை இடைவெளிதான், ஆனால் நூறு கண்ணிகளிலும் சேரும்போது செயின் தொங்கத் தொடங்கிவிடுகிறது. எந்தச் செயின் வாங்கலாம் என்று யோசிக்கும்போது, இந்த உள்தேய்மானத்தை எது நன்றாகத் தடுக்கும் என்று பார்த்தால் போதும்.

முதலில் அளவு. சின்ன பைக்குகளில் பெரும்பாலும் 420 அல்லது 428 இருக்கும். முதல் இலக்கமான 4, ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. என்பதைச் சொல்கிறது. மற்ற இரண்டு இலக்கங்கள் அகலத்துக்கு. பழைய செயினின் தகட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் கண்ணிகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அதே அளவிலேயே மூன்று வகை கிடைக்கும்: சாதாரணம், ஹெவி டியூட்டி, ஓ-ரிங்.

ஹெவி டியூட்டி என்றால் 428-க்குப் பின்னால் எச் என்ற எழுத்து இருக்கும். பக்கத் தகடுகள் கனமானவை, அதனால் இழுவையைக் கூடுதலாகத் தாங்கும். பழைய ஸ்பிராக்கெட்டின், அதாவது செயின் ஓடும் பற்சக்கரத்தின், பல்லிலும் பொருந்தும். ஆனால் 100, 125 சிசி பைக்கில் செயின் இழுவை தாங்காமல் அறுவது அரிது, தேய்ந்துபோவதுதான் வழக்கம். கனமான தகடு அந்தத் தேய்மானத்தை நிறுத்தாது. சுமை ஏற்றி ஓட்டுபவருக்கு எச் நல்லது. மற்றவர்கள் அதை நம்பி எண்ணெய் விடுவதை மறக்கக் கூடாது.

ஓ-ரிங் செயின் தேய்மானத்தின் மூலத்தையே கவனிக்கிறது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, தகடுகளுக்கு இடையே சின்ன ரப்பர் வளையம் போட்டு மூடிவிடுகிறார்கள். மழையும் மண்ணும் எளிதில் உள்ளே போகாது. ஆயுள் நன்றாகவே கூடுகிறது. குறைகளும் உண்டு. வளையம் உரசுவதால் சக்கரம் சற்று இறுக்கமாகச் சுழலும், சின்ன இன்ஜினில் அது கொஞ்சம் தெரியும். பின் நீளமாக இருப்பதால் செயின் கவரிலோ இன்ஜின் கேசிலோ உரசுகிறதா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும். விலையும் கூடுதல்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். செயினை முழுக்க மூடும் கவர் இருக்கும் பைக்குக்குச் சாதாரணச் செயின் போதும். மண் உள்ளே போகாதபோது ஓ-ரிங்குக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்குப் பலன் குறைவு. செயின் திறந்தபடி ஓடும் பைக்கை மழையிலும் தூசியிலும் தினமும் ஓட்டினால், நீளமான பின் எதிலும் உரசாமல் இடம் இருந்தால், தயங்காமல் ஓ-ரிங் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒருமுறை மிச்சம் பிடிக்க நினைத்துப் பழைய ஸ்பிராக்கெட்டிலேயே புதுச் செயினை மாட்டினேன். தேய்ந்து கொக்கிபோல் வளைந்த பற்கள் அந்தப் புதுச் செயினையும் சீக்கிரமே தின்றுவிட்டன.

பராமரிப்பிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. சாதாரணச் செயினில் எண்ணெய் உள்ளே இறங்கினால்தான் பயன். வெளியே அப்பிய கிரீஸ் உள்ளே போகாது, மண்ணைத்தான் பிடித்து வைக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஓட்டி வந்த சூட்டோடு கியர் ஆயிலை ரோலரின் (புஷ்ஷின் மேல் உருளும் வளையம்) இரு ஓரங்களிலும் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். 500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே. ஓ-ரிங்குக்கும் வெளிப்புற எண்ணெய் தேவை, ரோலரும் ரப்பரும் காயாமல் இருக்க. ஆனால் அதைப் பெட்ரோலில் கழுவுவதோ கம்பி பிரஷ் போடுவதோ கூடாது. ரப்பர் கெட்டால் உள்ளே இருக்கும் கிரீஸும் போய்விடும்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று அறிய ஸ்கேல் போதும். சாதாரணச் செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளை அளந்தால், புதிதில் 254 மி.மீ. இருக்கும். 259-ஐத் தொட்டால் 2 சதவீதம் நீண்டிருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியில் போடும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கச் செயினில் அது முன்சக்கரத்தை நோக்கி இருக்கும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது இடித்துக் கழன்றுவிடலாம். அப்புறம், சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் தளர்ச்சியை, அதாவது செயின் மேலும் கீழும் ஆடும் அளவை, வையுங்கள். பல பைக்குகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை, உங்கள் பைக்கின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். இதற்காகப் பின்சக்கரத்தை நகர்த்தியதும் டிரம் பிரேக்கின் பெடல் தளர்ச்சி மாறிவிடும், கிளம்புவதற்கு முன் அதையும் சரிபார்த்துவிடுங்கள்.