சைக்கிளை ஏற்ற காரின் பின்னாலா, கூரை மேலா?

நாகர்கோவிலிலிருந்து சைக்கிளைக் காரில் கொண்டுபோய்ப் பேச்சிப்பாறைப் பக்கம் ஓட்ட ஆசை. பின்கதவில் பட்டை போட்டுக் கட்டும் கேரியரா, கூரை கேரியரா?

செலவு: பின்கதவு கேரியர்தான் மலிவு. கூரைக்குக் குறுக்குக் கம்பிகளும் சைக்கிளுக்கு ஒரு தட்டும் தனியாக வாங்க வேண்டும்.

ஏற்றுவது: பின்னால் இடுப்புயரம் தூக்கினால் போதும். கூரைக்குத் தலைக்கு மேல். 20 கிலோவைத் தொடும் பழைய இரும்பு சைக்கிளை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

காற்று: விஷயமே இதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆனி, ஆடியில் கூரைமேல் சைக்கிள் இருந்தால் பக்கக் காற்று காரையே தள்ளும். பின்னால் அவ்வளவு தெரியாது. உயரமும் பாருங்கள்: கார் 1.5 மீட்டர், அதன்மேல் சைக்கிள் 1 மீட்டர். தாழ்ந்த கிளை, வீட்டு போர்ட்டிகோ எல்லாம் தட்டும். (நான் போர்ட்டிகோவில்தான் கற்றுக்கொண்டேன்.)

பின்னால் கட்டினால் நம்பர் பிளேட்டும் விளக்கும் மறையலாம், டிக்கி திறக்காது. பட்டைக்கடியில் கடற்கரை மணல் சிக்கினால் பெயின்ட் போச்சு.

சின்ன கார், ஒன்றிரண்டு சைக்கிள், முட்டம் வரை என்றால் பின்னால் கட்டுங்கள். சாமானோடு மார்த்தாண்டம் வழி திருவனந்தபுரம் போகும் குடும்பத்துக்குக் கூரை. கனமான பேட்டரி சைக்கிளுக்கு இரண்டும் வேண்டாம்.